தக்காளி வேரை மோப்பம் பிடித்து வரும் நூற்புழு

திண்டுக்கல் மாவட்டத்தில் தக்காளிக்குப் பெயர் பெற்ற சந்தை அய்யலூர். திருச்சி - திண்டுக்கல் நெடுஞ்சாலையில் உள்ள இந்த ஊருக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் செம்மண் தோட்டங்களிலிருந்து தக்காளி பெட்டி பெட்டியாக வந்து சேருகிறது. கமிஷன் கடைகளில் விலை பேசி முடிந்ததும் வெளியூர்களுக்கு லாரி ஏறுகிறது. விலை ஏறுவதும் இறங்குவதும் பயிரிடுவோர் கையில் இல்லை. ஏக்கருக்கு எத்தனை பெட்டி எடுப்பது என்பது மட்டும் ஓரளவு அவர்கள் கையில் உள்ளது. அதையும் பறித்துக்கொள்ளும் எதிரி ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. அதற்கு வேர்முடிச்சு நூற்புழு என்று பெயர்.

நடவு செய்து 30, 40 நாட்கள் ஆன தக்காளித் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகச் செடிகள் குன்றி நிற்கும். காலையில் நன்றாக இருக்கும் செடி உச்சி வெயிலில் தலை தொங்கி, மாலையில் மீண்டும் நிமிரும். அடி இலைகள் மஞ்சளாகும். இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணிக் கூடுதலாகத் தண்ணீர் கட்டுவார்கள். அப்போதும் தேறாவிட்டால் யூரியா வைப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் கடையில் கொடுக்கும் ஏதோ ஒரு மருந்தைத் தெளிப்பார்கள். செலவு கூடுமே தவிரச் செடி தேறாது. ஏனென்றால் நோய் இலையில் இல்லை, வேரில் இருக்கிறது.

அப்படிப்பட்ட செடியைப் பிடித்து இழுக்காமல், சுற்றிலும் மண்ணைக் கொத்தித் தூக்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்க்க வேண்டும். இழுத்தால் சல்லி வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்; பார்க்க வேண்டியவை அவைதான். நூற்புழு தாக்கிய வேரில் மணி கோத்தாற்போல் சிறு முடிச்சுகளும், முற்றிய நிலையில் இஞ்சிக் கிழங்கு போன்ற வீக்கங்களும் தெரியும். பயறு வகைப் பயிர்களின் வேரில் இருக்கும் நன்மை தரும் முடிச்சுகளையும் இவற்றையும் ஒன்றெனக் கொள்ளக்கூடாது. பயறு முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியதால் உண்டானது, உதிராது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் புழு புதிதல்ல. இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழு முதன்முதலாகப் பதிவானதே நீலகிரி மாவட்டத்தின் தேவாலாவில்தான். 1901-ஆம் ஆண்டு பார்பர் என்ற தாவரவியல் அறிஞர் அங்குள்ள தேயிலைச் செடிகளின் வேரில் இதைக் கண்டார். அதன் பிறகு தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், புடலை என்று காய்கறிப் பயிர்களில் பெரும்பாலானவற்றில் இது இருப்பது தெரிய வந்தது.

கண் இல்லை, மோப்பம் உண்டு

முட்டையிலிருந்து வெளிவந்து வேரைத் தேடும் பருவத்தில் இப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவு. தடிமன் தலைமுடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வெறுங் கண்ணால் பார்க்க இயலாது. அதற்கும் கண் கிடையாது. அய்யலூரை ஒட்டிய காடுகளில் வாழும் தேவாங்கு, இருட்டில் இரை தேடுவதற்கென்றே முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்களைப் பெற்றிருக்கிறது. (அதன் பாதுகாப்புக்காகத் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகள் 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.) அந்தக் காட்டின் அடிவாரத் தோட்டங்களில் வாழும் நூற்புழுவோ அதைவிடக் கடும் இருட்டில், மண்ணுக்கடியில், கண்ணே இல்லாமல் தன் இரையைத் தவறாமல் கண்டுபிடிக்கிறது. எப்படி?

அதன் தலையின் இரு புறங்களிலும் ஊசி குத்தினாற்போல் ஒவ்வொரு நுண்ணிய குழி இருக்கிறது. குழிக்குள் நரம்புகளின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணீரில் கரைந்து வரும் பொருள்கள் இந்த நுனிகளைத் தொட்டவுடன் புழு அவற்றை உணர்ந்துகொள்கிறது. நமக்கு மூக்கும் நாக்கும் செய்யும் வேலையை அதற்கு இந்த இரு குழிகளே செய்கின்றன. பயிருக்குத் தீங்கு செய்யாமல் பாக்டீரியாக்களைத் தின்று வாழும் ஒரு மண் புழுவை விஞ்ஞானிகள் நரம்பு நரம்பாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதன் உடல் முழுவதிலும் உள்ள நரம்புச் செல்கள் 302 மட்டுமே. அவற்றில் ஒரு குழிக்கு 12 வீதம் 24 செல்கள் தலையிலுள்ள இந்த மோப்பக் குழிகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. இவ்வளவு சிறிய பிராணி மோப்பத்துக்கு இவ்வளவு ஒதுக்கியிருப்பதிலிருந்தே அதன் பிழைப்பு எதை நம்பியிருக்கிறது என்பது விளங்கும்.

புழு பாம்பு போல நெளிந்து நெளிந்து, மண் துகள்களைச் சுற்றிப் படிந்துள்ள நீர்ப் படலத்தில் நகரும். நகரும்போது மணம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். கூடினால் அதே திசையில் செல்லும். குறைந்தால் திசை மாறும். மண் முற்றிலும் காய்ந்துவிட்டாலும் நகர முடியாது, நீர் தேங்கி நின்றாலும் முடியாது. லேசான ஈரமுள்ள, காற்றோட்டமான மணற்பாங்கான செம்மண் இதற்கு மிகவும் வாகான இடம். தக்காளிக்கு வாகான மண்ணும் அதுவே என்பதுதான் சங்கடம்.

வேர் காட்டிக்கொடுக்கும் வழி

வேர் மண்ணுக்குள் சும்மா இருப்பதில்லை. அது மூச்சு விடுகிறது. கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. சர்க்கரை, அமினோ அமிலங்கள், கரிம அமிலங்கள் முதலியவற்றை இடைவிடாமல் கசியவிடுகிறது. செடி உண்டாக்கும் உணவில் ஒரு பகுதி இவ்வாறு மண்ணுக்குப் போகிறது. இது வீண் செலவல்ல. இந்தக் கசிவை உண்ணத்தான் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வேரைச் சுற்றிக் கூடுகின்றன. ஆனால் சமையற்கட்டில் தாளிக்கும் மணம் தெருவில் போகிறவருக்கும் எட்டுவதுபோல, இக்கசிவு எதிரிக்கும் எட்டுகிறது.

தூரத்திலிருக்கும் புழுவுக்கு முதலில் எட்டுவது கரியமில வாயு போன்ற பொதுவான அறிகுறிகள். இந்தப் பக்கம் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் அவை சொல்லும். நெருங்கி வந்த பிறகு அந்த வேருக்கே உரிய பொருள்கள் வழிகாட்டும். கடைசியில் வேரின் எந்த இடத்தில் நுழைவது என்பதையும் மணமே தீர்மானிக்கிறது. ஹவாய்த் தீவில் அன்னாசிப் பயிரின் நூற்புழுக்களை ஆராய்ந்த லின்ஃபோர்டு என்பவர், புழுக்கள் வேரின் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி வருவதில்லை, வளரும் நுனியை அடுத்த பகுதியிலேயே திரளுகின்றன என்பதை 1939-லேயே எழுதினார். அந்தப் பகுதியில் மண்ணீர் சற்றுப் புளிப்புத் தன்மையுடன் இருக்கிறது, புழு அந்தப் புளிப்பை நாடுகிறது என்பது பின்னர் சோதனைகளில் தெரிந்தது.

எந்தெந்தப் பொருள்கள் இழுக்கின்றன என்பதைக் கென்யா நாட்டிலுள்ள பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மிளகாய்க் குடும்பச் செடிகளை வைத்து ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டனர். புழுவை இழுக்கும் பொருள்களில் முதன்மையான ஒன்று மெத்தில் சாலிசிலேட். பெயர் புதிதாகத் தோன்றலாம். மணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் வாசனை அதனுடையதே. புழுவைத் தாங்கி நிற்கும் ரகத்தின் வேரில் மட்டும் தைமால் என்ற பொருள் இருந்தது. இது ஓமத்தின் வாசனைப் பொருள். தைமால் கலந்தபோது புழுக்கள் வேரை நாடுவது குறைந்தது. வயிற்று வலிக்கு ஓமம் என்று பாட்டி சொன்னது வேறு விஷயம். மிளகாய் வேரும் ஓம மணத்தைக் காவலுக்கு வைத்திருக்கிறது என்பது வியப்புக்குரியதே. ஆனால் இதைப் படித்துவிட்டு ஓமத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்ற வேண்டாம். சோதனையில் பயன்படுத்திய அளவும் முறையும் வேறு. வயலுக்கென்று அப்படிப்பட்ட பரிந்துரை எதுவும் இல்லை.

சில உப்புகளும் புழுவை விலக்குகின்றன. அமோனியம், நைட்ரேட், பொட்டாசியம் உப்புகள் செறிவாக உள்ள பக்கத்திலிருந்து புழு விலகிச் செல்வதை ஆய்வகங்களில் கண்டுள்ளனர். இதையும் உர மூட்டைக்குச் சிபாரிசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புழுவை விரட்டும் அளவுக்கு உப்பைக் கொட்டினால் முதலில் தீய்வது செடியின் வேர்.

அழைப்பு வரும்வரை காத்திருக்கும் மலைப் புழு

இதே திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் இன்னொரு நூற்புழு இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு அது. 1961-ல் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி நீலகிரியில் இதை முதலில் கண்டார். 1980-களில் கொடைக்கானலிலும் பதிவாயிற்று. இதன் பெண் புழு இறந்ததும் அதன் உடலே கெட்டித் தோலாக மாறி, உள்ளே இருக்கும் முட்டைகளைப் பெட்டி போலப் பாதுகாக்கிறது. அந்தப் பெட்டிக்குள் முட்டைகள் 20 ஆண்டுகள் வரைகூட உயிரோடு கிடக்கக் கூடியவை.

பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் வளர்ந்து, அதன் கசிவு முட்டையைத் தொட்டால்தான் குஞ்சுகளில் பெரும்பாலானவை வெளிவரும். முட்டைக்கோசோ பீன்ஸோ போட்டால் அவை அசையாது. தக்காளி வேரின் கசிவும் இவற்றை எழுப்பும். இரண்டும் ஒரே குடும்பச் செடிகள் அல்லவா! சோயா மொச்சையைத் தாக்கும் இதே வகைப் புழுவை எழுப்பும் பொருள் எது என்று கண்டறிய ஜப்பான் விஞ்ஞானிகள் பட்ட பாடு பெரிது. ஒரு டன்னுக்கு மேற்பட்ட உலர்ந்த பீன்ஸ் வேர்களை வடித்தெடுத்து, கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். அதை 1982-ல் வெளியிட்டனர். உருளைக்கிழங்குப் புழுவை எழுப்பும் பொருளை 2011-ல் ஜப்பானிலேயே செயற்கையாகவும் தயாரித்துவிட்டார்கள்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பயிர் இல்லாத காலத்தில் பொய்யாக அழைப்புக் கொடுத்தால், முட்டையிலிருந்து வெளிவந்த புழு உண்ண வேர் இல்லாமல் பட்டினியில் சாகும். ஐரோப்பாவில் இதற்கென்றே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள் செடியை வளர்க்கிறார்கள். அதன் வேர்க் கசிவு முட்டைகளை எழுப்பும், வேரோ புழுவை வளரவிடாது. நம் மலைகளுக்கு 1985-ல் வெளியான குப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களும், பயிர்ச் சுழற்சியும் கைகொடுத்தன. நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குச் செல்லத் தடை விதித்ததும் இந்தப் புழுவினால்தான். 2018-ல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் பகுதிகளிலும் இப்புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்தும் விதைக்கிழங்கு அனுப்பக் கட்டுப்பாடு வந்தது.

சமவெளித் தக்காளியின் வேர்முடிச்சு நூற்புழு இந்த விஷயத்தில் மாறுபட்டது. மண்ணில் ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தாலே அதன் முட்டைகளில் பெரும்பகுதி பொரித்துவிடும். வேரின் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதன் பலமும் பலவீனமும் இதுவே. நூற்றுக்கணக்கான வகைச் செடிகளில் எது கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதால் காத்திருக்காமல் வெளிவருகிறது. ஆனால் வெளிவந்த புழு வேருக்குள் நுழையும் வரை எதையும் உண்ண முடியாது. முட்டையிலிருந்து கொண்டுவந்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டுதான் அலைய வேண்டும். கட்டுச்சோறு தீர்ந்துவிட்டால் வேர் எதிரே இருந்தாலும் துளைத்து நுழையத் தெம்பு இருக்காது.

புழுவுக்கும் செடிக்கும் நடக்கும் பேச்சு

புழு முகர்கிறது என்பது பாதிக் கதை. அதுவும் மணம் விடுகிறது. நூற்புழுக்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்வதற்காக அஸ்கரோசைடு என்ற வகைப் பொருள்களைச் சுரக்கின்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பாய்ஸ் தாம்சன் ஆராய்ச்சி நிலையத்தார், இந்தப் பொருள்களில் ஒன்றைச் செடிகள் மோப்பம் பிடிக்கின்றன என்பதை 2015-ல் அறிவித்தனர். மிக மிகச் சிறிய அளவில் அது வேரில் பட்டாலே தக்காளி, உருளைக்கிழங்கு, வாற்கோதுமை முதலியவை தங்கள் எதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடுகின்றன. 2020-ல் இன்னொரு செய்தி வெளியாயிற்று. செடிகள் இந்தப் பொருளை உள்ளே இழுத்து, சற்றே மாற்றி, மீண்டும் மண்ணில் விடுகின்றன. மாற்றிய பொருள் புழுக்களை விலகிப் போகச் செய்கிறது. கூட்டம் கூடுவதற்காகப் புழு விட்ட செய்தியையே திருத்தி, 'இங்கே இடமில்லை' என்று செடி திருப்பி அனுப்புகிறது என்று சொல்லலாம். இந்த அறிவைக் கொண்டு விதை நேர்த்தி மருந்துகள் செய்யும் முயற்சிகள் வெளிநாடுகளில் நடைபெறுகின்றன.

மோப்பத்தையே கெடுக்கும் வழியும் சோதிக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார், புழுவின் மோப்ப நரம்புகளைக் குழப்பும் ஒரு சிறு புரதத்தை வேரே சுரக்குமாறு செடியின் மரபணுவை மாற்றினார்கள். உகாண்டா நாட்டில் வாழையில் இதை வயலில் சோதித்து 2015-ல் நல்ல முடிவை வெளியிட்டனர். நம் விவசாயிகளுக்கு இன்றைக்குக் கிடைக்கும் பொருள் அல்ல இது. ஆனால் பழைய நூற்புழுக் கொல்லிகள் சிலவும் இதே வழியில்தான் வேலை செய்தன. குருணையாக இட்ட அம்மருந்துகள் மண்ணில் கரைந்து குறைந்த அளவில் நின்றபோது புழுவைக் கொல்லவில்லை. அதன் நரம்பை மழுங்கச் செய்து, வேர் இருக்கும் திசை தெரியாமல் அலையவைத்தன. மருந்தின் வீரியம் போனதும் தெளிந்த புழுக்கள் மீண்டும் வேரைத் தேடி வந்ததும் உண்டு. அப்படிப்பட்ட ஆல்டிகார்ப் நம் நாட்டில் 2001-ல் தடை செய்யப்பட்டது. மண்ணில் செலுத்திப் புகையாகப் பரவவிட்ட டி.பி.சி.பி. மருந்து, அதைத் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு மலட்டுத் தன்மை உண்டாக்கியது 1977-ல் வெளிவந்தது. இந்தியாவில் 1989-ல் அது தடை செய்யப்பட்டது.

நுழையும் முன் தடுக்க வேண்டும்

வேருக்குள் நுழைந்த புழு நடு நரம்பை அடைந்து, அங்குள்ள சில செல்களைப் பெரிதாக வீங்கச் செய்து, அவற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டு ஒரே இடத்தில் தங்கிவிடும். பேரிக்காய் வடிவில் பருத்து, நகரும் சக்தியையே இழந்துவிடும். அதன் பிறகு அதற்கு மோப்பம் தேவையில்லை. மணத்தால் அதை விரட்டவும் முடியாது. ஆண் புழு இல்லாமலேயே பெண் புழு 200 முதல் 500 முட்டைகள் வரை இடும். நம் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு புழுவின் சந்ததியில் பத்து மட்டுமே பிழைத்து முட்டையிடுகிறது என்று குறைவாகவே கணக்கிட்டாலும், மூன்று தலைமுறையில் ஒன்று ஆயிரமாகிவிடும். ஒரு தக்காளிப் பயிரின் காலத்துக்குள் இது நடந்து முடிகிறது.

ஆகவே, முட்டை பொரிப்பதற்கும் வேரில் நுழைவதற்கும் இடைப்பட்ட சில நாட்களே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடி வாடிய பிறகு செய்யும் செலவெல்லாம் காலங்கடந்தது. பணத்தையும் உழைப்பையும் நடவுக்கு முன்பே போட வேண்டும்.

அய்யலூர்ப் பகுதியில் முதலில் கவனிக்க வேண்டியது பழைய செடியை. விலை விழுந்துவிட்டால் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று காயோடு தோட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மனம் வெறுத்த நிலையில் அப்படிச் செய்வது இயல்பே. ஆனால் மேலே பழம் அழுகும்போது கீழே வேர் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சிலும் முட்டைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அடுத்த பயிருக்கு விலை கிடைக்கும்போது விளைச்சல் இருக்காது. பறிப்பை நிறுத்துவது என்று முடிவு செய்த வாரத்திலேயே செடிகளை வேரோடு பிடுங்கி, வெயிலில் காயவைத்துக் கொளுத்திவிட வேண்டும். மடக்கி உழுதால் முட்டைகள் வயல் முழுதும் பரவும். வரப்பில் தானாக முளைத்து நிற்கும் தக்காளி, மணத்தக்காளிச் செடிகளையும் விடக்கூடாது. பயிர் இல்லாத காலத்தில் புழுவுக்குச் சோறு போடுபவை அவைதாம்.

அடுத்து சித்திரை, வைகாசி வெயில். மேல்மண் புரளுமாறு 10, 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஆழ உழுதால் முட்டைகள் வெயிலில் காய்ந்து சாகும். இடையில் ஒரு கோடை மழை பெய்தால் அதுவும் நன்மையே. ஈரம் கண்ட முட்டைகள் பொரிக்கும், வெளிவந்த புழுக்கள் வேர் இல்லாமல் அலைந்து தீரும். ஆனால் மழைக்கு முளைத்த களைகளை அப்போதே அழிக்க வேண்டும். இதனால் புழு அடியோடு ஒழிந்துவிடாது. நடவு நாளில் வேரைத் தேடி வரும் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

நாற்று விஷயத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. புழு தானாக நகரும் தூரம் சொற்பம். ஊர் விட்டு ஊர் அதைச் சுமந்து செல்வது நாற்றும், கலப்பையில் ஒட்டிய மண்ணும், ஓடும் தண்ணீரும்தான். ஓர் ஏக்கர் நடவுக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். அந்த ஒரு சென்ட்டைக் கோடையில் நன்றாக நனைத்து, மெல்லிய ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அணைத்து, மூன்று முதல் ஆறு வாரம் விட்டால் உள்ளே ஏறும் சூடே புழுக்களைக் கொல்லும். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவில் வளர்த்த நாற்று வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ரெட்டியார்சத்திரத்தில் உள்ள அரசுக் காய்கறி மகத்துவ மையத்திலும் இம்முறையில்தான் நாற்று வளர்க்கிறார்கள். எங்கு வாங்கினாலும் இரண்டு மூன்று நாற்றுகளின் வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

நடவுக்கு முன் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும். அது மக்கும்போது வெளிவரும் கசப்புப் பொருள்கள் முட்டை பொரிப்பதைக் குறைத்து, புழு வேரைக் கண்டுகொள்வதையும் தடுக்கின்றன. எண்ணெய் முழுதும் எடுத்த சக்கையையும் மண் கலந்த தூளையும் வேப்பம் பிண்ணாக்கு என்று விற்பவர்கள் உண்டு. கசப்பும் மணமும் பார்த்து வாங்க வேண்டும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதை நேர்த்தி செய்யலாம். நடவு வயலுக்கு ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து இடலாம். இது வேரின் மேல் குடியேறி, வேர்க் கசிவை உண்டு அதன் தன்மையை மாற்றிவிடுகிறது. செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது. வேருக்கு முன்பே அங்கே இருந்தால்தான் பயன். முடிச்சு விழுந்த செடிக்கு இதை ஊற்றிப் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

செண்டுமல்லி பற்றி ஒரு வார்த்தை. தக்காளித் தோட்டத்தின் ஓரத்தில் செண்டுமல்லி வரிசை வைத்தால் நூற்புழு வராது என்று பலர் நம்புகிறார்கள். வரிசையாக வைக்கும் செண்டுமல்லி காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியைக் கவர்ந்து முட்டையிட வைப்பதற்கானது. அது வேறு வேலை. நூற்புழுவுக்கு எதிரான பொருள் அதன் வேரில் இருக்கிறது. ஆல்ஃபா டெர்தைனில் என்ற அப்பொருளை ஹாலந்து நாட்டார் 1958-ல் பிரித்தறிந்தனர். அதன் வேரில் நுழையும் புழு வளர்ந்து முட்டையிட முடியாமல் போகிறது. அந்த வேர் எட்டும் இடத்தில்தான் அந்தப் பலன் உண்டு. ஆகவே தக்காளிக்கு முன்போ பின்போ, வயல் முழுவதும் நெருக்கமாக, இரண்டு மூன்று மாதப் பயிராகவே செண்டுமல்லி போட வேண்டும். குட்டை ரகச் செண்டுமல்லி வேர்முடிச்சுப் புழுவுக்கு எதிராக அதிக நம்பகமானது. திண்டுக்கல், நிலக்கோட்டைப் பூச்சந்தைகள் பக்கத்தில் இருப்பதால் பூவிலும் வருமானம் பார்க்கலாம். பூப் பறித்து முடிந்ததும் வேரை மண்ணிலேயே விட்டு உழ வேண்டும்.

பூ வேண்டாம் என்பவர்கள் நிலக்கடலை போடலாம். தக்காளியை நம் பகுதியில் அதிகம் தாக்கும் வேர்முடிச்சுப் புழு இனம் கடலையில் பெருகுவதில்லை. பசுந்தாள் உரமாகச் சணப்பையும் ஏற்றது. தக்காளிக்குப் பின் வெண்டை, வெண்டைக்குப் பின் கத்தரி என்று போவது பயிர்ச் சுழற்சி ஆகாது. புழுவின் கணக்கில் அது ஒரே விருந்தின் வெவ்வேறு பந்தி.

எதிர்ப்புத் திறனுள்ள தக்காளி ரகங்கள் இல்லையா என்று கேட்கலாம். காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து பெற்ற எதிர்ப்புக் குணத்தை உலகெங்கும் பல ரகங்களில் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் குணம் புழு வருவதைத் தடுப்பதில்லை. வந்து நுழைந்த இடத்தில் செல்களை மடியச் செய்து புழுவைப் பட்டினி போடுகிறது. ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இக்குணம் வலுவிழந்துவிடும். அய்யலூர்ச் செம்மண்ணில் கோடையில் இதற்கு மேல் சூடு ஏறும் என்பதால், குளிர்ந்த பட்டத்தில்தான் இந்த ரகங்களை நம்பலாம். கத்தரி பயிரிடுவோருக்குச் சுண்டைச் செடியின் மேல் ஒட்டுக் கட்டிய கன்றுகள் நல்ல வழி. சுண்டை வேர் இப்புழுவை எளிதில் வளரவிடாது.

புளூயோபைரம், புளூயென்சல்போன் போன்ற புதிய மருந்துகள் தக்காளிக்கெனப் பதிவாகி விற்பனைக்கு வந்துள்ளன. விலை அதிகம். மேற்சொன்னவற்றைச் செய்யாமல் மருந்தை மட்டும் நம்பினால் ஒவ்வொரு பயிருக்கும் செலவு தொடரும். பயன்படுத்துபவர்கள் சீட்டில் உள்ள அளவையும் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களையும் மீறக்கூடாது.

இவ்வளவு செலவும் தேவையா என்பதை நடவுக்கு முன்பே அறிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. புழுவின் மோப்பத்தையே அதற்குப் பயன்படுத்தலாம். வயலில் எட்டுப் பத்து இடங்களில், மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழம் வரை ஈரமான மண்ணை எடுத்துக் கலந்து, மூன்று நான்கு பூந்தொட்டிகளில் நிரப்ப வேண்டும். மண்ணை வெயிலில் காயவிடக்கூடாது. அவற்றில் தக்காளி அல்லது வெள்ளரி விதை ஊன்றி, மண் காயாமல் தண்ணீர் தெளித்து நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வைக்க வேண்டும். நான்கைந்து வாரம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்து வேரை அலசிப் பார்த்தால் முடிச்சு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை துல்லியமாக வேண்டுமானால், அதே மண்ணில் கால் கிலோவையும் சிறிது சல்லி வேரையும் பாலித்தீன் பையில் கட்டி, பயிரின் பெயரும் வயலின் பெயரும் எழுதிய சீட்டுடன் காந்திகிராமம் வேளாண்மை அறிவியல் நிலையத்தின் மூலமோ, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக நூற்புழுவியல் துறைக்கோ அனுப்பலாம். பையை வெயில் படும் வண்டியில் வைக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே புழு செத்துவிட்டால் சோதனையில் அது இல்லை என்றே முடிவு வரும்.